செல்வி சேர்த்த வரி

செம்பூரில் ஒரு சின்ன கம்பெனியில் நானும் செல்வியும் உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரித்து, மெமரி கார்டில் ஏற்றிக் கொடுப்போம். அதில் அவள் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தாள். ஆன் செய்ததும் திரையில் இங்கிலீஷ் எழுத்தில், “ஏளா, எந்திச்சிட்டியா? சாப்பிட்டியா?” என்று வரும். கஸ்டமருக்கு அனுப்பும் முன் நான் திட்டிக்கொண்டே அழிப்பேன். அவள் சிரிப்பாள்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து செல்வி இறந்துபோனாள்.

அவள் சாமான்களை வாங்கிப்போகத் தாராவியிலிருந்து அவளுடைய அம்மா வந்தார். செல்வியின் கம்ப்யூட்டரை ஆன் செய்து, அந்த வரியை வாசித்துக் காட்டினேன்.

“இது நான் தெனமும் காலைல அவகிட்ட கேக்கதுல்லா தம்பி! பஸ்ஸுக்கு ஓடுத அவசரத்துல பதிலே சொல்ல மாட்டா.”

பிறகு திரையைத் தடவினார்.

“நான் இன்னும் சாப்பிடலன்னு சொன்னா, இதுக்குக் கேக்குமா?”



இன்றும் அவள் செய்துவைத்த மூலப் பிரதியிலிருந்துதான் ஒவ்வொரு கார்டும் தயாராகிறது. அந்த வரியை மூலத்திலேயே ஒரேயடியாக எடுத்துவிடலாம். மனசு வரவில்லை. ஒவ்வொரு கார்டிலும் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் அழிக்கிறேன்.