பத்து லட்சத்து ஒன்று பகா எண்ணா?

அறுபதுகளில் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் புதுக் கணக்கு வாத்தியார். வயது இருபத்து நான்கு, தலைக்கனம் அதற்கும் மேலே. வல்லத்தில் பெண் பார்க்கப் போனபோது என் நைனா, "எங்க பையன் கணக்குல புலி" என்று வேறு அளந்துவிட்டார். பெண்ணும் டீச்சர்தான். எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பத்து லட்சத்து ஒண்ணு பகா எண்ணா?"

தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாததுதான் பகா எண். இது இரண்டால் போகாது, மூன்றால் போகாது, ஐந்தாலும் போகாது. யோசிக்காமல் "ஆமா" என்றேன்.

"வகுத்துப் பாத்தீங்களா?"

"வர்ற ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நோட்டோட வரேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினாலே பத்து லட்சம் வந்துவிடும். அதனால் ஆயிரத்துக்குள் இருக்கிற பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஆனால் அவையே நூற்று அறுபத்தெட்டு! சிங்கவரத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். என்னோடு எஸ்.எஸ்.எல்.சி. படித்த சினேகிதன் அங்கே இருந்தான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் மரக்கால் பிடித்து அளக்கிறவன். "நூறு வரைக்கும் எனக்கு, அதுக்கு மேல உனக்கு" என்று பங்கு பிரித்தேன். எனக்கு இருபத்தைந்து, அவனுக்கு நூற்று நாற்பத்து மூன்று. அந்த மடையன் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வல்லம் போனேன். அவள் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. "லாபம் – 101" என்று எழுதியிருந்தது. கீழே கணக்கைக் காணோம்.

"இத ஏன் போடல?"

அவன் வெள்ளந்தியாகச் சொன்னான்: "மண்டியில மொத மரக்கால ஒண்ணுன்னு சொல்ல மாட்டோங்க. லாபம், ரெண்டு, மூணுன்னுதான் அளப்போம். அந்தப் பழக்கத்துல என் பங்குல மொத நம்பருக்கு லாபம்னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன்."

அவள் பென்சிலை எடுத்து வகுத்தாள். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்று, மீதி பூஜ்யம். அந்த நூற்று அறுபத்தெட்டில் வகுக்கக்கூடியது இந்த ஒன்றுதான். அதைப் போய் விட்டிருக்கிறான் பாவி! எனக்கு வந்த கோபத்துக்கு அவன் கழுத்தை நெரித்திருப்பேன்.

ஆனால் அவள் மேலும் புரட்டினாள். "மத்ததெல்லாம் சரியா இருக்குதே. நூத்தி அறுபத்தேழு கணக்கு!" முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ரெண்டு கையெழுத்து இருக்குது. உங்களுது எது?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியவில்லை.

"மொத இருபத்தஞ்சு."

"மீதி?"

வாசலோரம் நின்றவன் வகுப்பில் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினான். அவள் சிரித்துவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது.

காபி வந்தது. முதல் டம்ளரை அவனிடம் நீட்டி, "எடுத்துக்குங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்களும் எடுத்துக்குங்க, அண்ணா."