செல்வம்மாள் மாதா கோயிலில் பூ கேட்டது

செல்வம்மாள் ஜெர்மனிக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வர. ஆனால் விசா வாங்கும் இடத்தில் சுற்றுலா என்று சொல்லும்படி ஆகிவிட்டது. சொல்லிவிட்ட பாவத்துக்குச் சுற்றிப் பார்த்தே தீர வேண்டியதாயிற்று.

ஓசூரை அடுத்த கெலமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவளும் புருஷன் சின்னராஜும் ரோஜா வளர்க்கிறார்கள். ராகியும் அவரையும் விளைந்த நிலத்தில் இப்போது பசுமைக்குடில் நிற்கிறது. காதலர் தினம் நெருங்கினால் அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதும் கிடையாது. உலகம் காதலிப்பதற்கு யாராவது உழைக்கத்தானே வேண்டும். செல்வம்மாள் படித்தது எட்டாவது வரை. விலை பேசக் கன்னடம், கூலியாட்களை அதட்டத் தெலுங்கு, மற்றதுக்கெல்லாம் தமிழ் என்று ஐம்பத்துமூன்று வயது வரை குறையில்லாமல் வாழ்ந்துவிட்டாள்.

ஒரே மகள் ரேவதி. ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஜினியராகச் சேர்ந்தாள். அவர்கள் அவளை மியூனிக் பக்கம் இருக்கும் தங்கள் பெரிய தொழிற்சாலைக்கு இரண்டு வருஷத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம் முடிகிற நேரத்தில், “இங்கேயே நிரந்தரமாக இருந்துவிடேன், மாதக் கடைசிக்குள் பதில் சொல்” என்று கேட்டிருக்கிறார்கள். ரேவதி வீட்டுக்குப் போன் போட்டு, “நீங்க சொல்றபடி செய்யறேன்” என்றாள். சின்னராஜுக்கு அது போதுமாயிருந்தது.

“போனில பேசுனா மனசு மாறிடும். நீ நேராப் போயி கூட்டிக்கினு வா” என்று பெண்டாட்டியை விமானம் ஏற்றிவிட்டார். தோட்டத்தை விட்டு அவர் நகர முடியாது.

மகள் லீவு போட்டுவிட்டு அம்மாவைச் சர்ச் சர்ச்சாகக் கூட்டிப்போனாள். கோயில் என்றால் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு கணக்கு. பிடிக்காமல் இல்லை. ஆனால் செல்வம்மாளுக்குக் கோயிலுக்குப் போகத் தெரிந்த ஒரே முறைதான் உண்டு. வாசலில் ஷூவைக் கழற்றினாள். ஜூன் மாதத்திலும் ஐஸ் கட்டியாகக் கிடந்த கல் தரையில் வெறுங்காலோடு நடந்தாள். அவள் ஷூவைத் தூக்கிக்கொண்டு ரேவதி பின்னால் வந்தாள். வெள்ளைக்காரர்கள் பார்த்தார்கள். செல்வம்மாள் ஷூ கழற்றாத அவர்கள் காலைப் பார்த்தாள். அவள் மனசில் பட்டதை நல்லவேளையாக யாரும் மொழிபெயர்க்கக் கேட்கவில்லை.

வாசலோரம் கல் தொட்டியில் புனித நீர் இருந்தது. வருகிறவர்கள் விரல் நுனியை நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். செல்வம்மாள் உள்ளங்கையைக் குழித்து அள்ளிக் குடித்துவிட்டு, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டாள்.

“அம்மா! அது குடிக்கிற தண்ணி இல்லம்மா!”

“தீர்த்தத்தக் குடிக்காம, காலா கழுவுவாங்க?”

இன்னொரு பழைய சர்ச்சில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எலும்புக்கூடு படுத்திருந்தது. பட்டுச்சட்டை, கிரீடம், விரலுக்கு விரல் மோதிரம். யாரோ மகான் என்றாள் ரேவதி. செல்வம்மாள் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “கொள்ளி வைக்க ஆளில்லையா, பாவம்” என்றாள். நகைகளைப் பற்றி அவளுக்கு ஆட்சேபணை இல்லை.

மடங்களில் துறவிகளே பீர் காய்ச்சி விற்பதை அன்று ராத்திரி புருஷனிடம் போனில் சொன்னாள். சின்னராஜ் முதலில், “நல்லா இருக்குதாமா?” என்று கேட்டார். அதற்கப்புறம்தான், “அவகிட்ட பேசிட்டியா?” என்றார்.

பேசவில்லை. அவளுக்கு மகள் வேண்டும்; அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. மகள் இல்லாத வீட்டில் அவளுக்குச் சோறே இறங்குவதில்லை. வாயைத் திறந்து, “கிளம்புடி” என்றால் ரேவதி கிளம்பிவிடுவாள். ஆனால் ஓசூரில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குகிற ரேவதி தரையைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பாள். இங்கே கையை வீசி நடக்கிறாள். கடைக்காரியோடு சத்தமாகச் சிரிக்கிறாள். ஓசூரில் பிள்ளை இப்படிச் சிரித்ததை அவள் பார்த்ததில்லை. அதனால்தான் அந்த வார்த்தையைச் சொல்லாமல் நாளைத் தள்ளினாள்.

மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும் என்கிற நிலைமையில், மலைமேல் இருந்த ஒரு பழைய மடத்துக்குப் போனார்கள். வழியில் செல்வம்மாள் ஒரு ரோஜாப்பூ வாங்கச் சொன்னாள். கையில் வாங்கி, காம்பை நிமிண்டிப் பார்த்து, வளர்த்தவனைத் தெலுங்கில் இரண்டு வார்த்தை சொன்னாள்.

அவர்கள் ஊரில் எந்தப் பெரிய காரியத்துக்கும் எல்லம்மா கோயிலில் பூ கேட்பார்கள். மனசுக்குள் ஒன்றை நினைத்துக்கொண்டு நிற்க, பூசாரி அம்மன் தலையில் பூவை வைப்பார். அம்மனுக்கு வலப்பக்கம் விழுந்தால் நினைத்தது ஆகும். இடப்பக்கம் விழுந்தால் ஆகாது. என்ன நினைத்தோம் என்று முன்கூட்டி யாரிடமும் சொல்லக்கூடாது.

மடத்துச் சர்ச்சின் ஓரத்தில் மரத்தால் செய்த மாதா, மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். எட்டுகிற உயரம்தான். பூசாரி யாரையும் காணோம். மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு கிழவிகள் மட்டும் இருந்தார்கள். செல்வம்மாள் எக்கி, மாதாவின் கிரீடத்துமேல் ரோஜாவை வைத்தாள். கிழவிகள் மெழுகுவத்தியை மறந்தார்கள்.

‘தாயே, என் பிள்ளையை ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போகட்டுமா?’

கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் திறந்தாள். பூ அசைந்தது, சரிந்தது, மாதாவின் வலது தோளில் பட்டுக் கீழே விழுந்தது. வலது. சந்தேகத்துக்கே இடமில்லாத வலது.

அவளுக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. திரும்பினாள். ரேவதி அம்மாவின் ஷூவை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளும் பார்த்துவிட்டாள். எல்லம்மா கோயிலில் பூ கேட்டு வளர்ந்தவள்தானே. அம்மா எதைக் கேட்டிருப்பாள் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் சிரிக்கப் பார்த்தாள்.

“வலப்பக்கம் விழுந்துடுச்சும்மா. சரிம்மா, வந்துடறேன்.”

“எங்க வர்ற?”

“நீ அதத்தானே கேட்ட?”

செல்வம்மாள் குனிந்து பூவை எடுத்தாள்.

“நீ இங்கியே இருக்கலாமான்னு கேட்டேன்டி. இருன்னு உத்தரவு குடுத்துட்டா.”

ரேவதி ஷூவைக் கீழே போட்டாள். கிழவிகள் பார்க்க, அம்மாவைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். செல்வம்மாள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். மாதாவின் முகத்தை மட்டும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்ததும் சின்னராஜின் போன் வந்தது. ரேவதி தண்ணீர் வாங்கப் போயிருந்தாள்.

“என்னைக்கி வர்றீங்க?”

“நான் மட்டும்தாங்க வரேன். பூ கேட்டேன். அவ இங்கியே இருக்கணும்னு உத்தரவாயிடுச்சு.”

“நல்லாப் பாத்தியா? எந்தப் பக்கம் விழுந்துது?”

“வலப்பக்கம்ங்க. சுத்தமா வலப்பக்கம்.”

அந்தப் பக்கம் பசுமைக்குடிலில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

“சாமியே சொன்ன பொறவு நாம என்ன பேசறது” என்றார் சின்னராஜ். “அவ ரூமுல உர மூட்டைய அடுக்கி வெச்சிருந்தேன். வர்றாளேன்னு காலைலதான் எல்லாத்தயும் எடுத்துட்டு வெள்ளை அடிச்சேன்.”

“இருக்கட்டும்ங்க. மூட்டைய உள்ள வெக்காதீங்க” என்றாள் செல்வம்மாள்.