கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நைதரசன்

நான் பிளாஸ்கின் மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை எழுந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் நின்ற சிப்பாய் பின்னால் பாய்ந்து துவக்கை என் பக்கம் திருப்பினார்.

நான் பதறிப்போய், எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "கை வைக்க வேண்டாம், கை வைத்தால் ஆபத்து" என்றேன். சொன்னது உண்மைதான். ஆனால் அது யுத்த காலம்; கண்டியில் புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை வாசலில் குண்டு வெடித்துச் சில மாதங்களே ஆகியிருந்தன. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் போட்டிருந்த ஒரு பெண், புகை கக்கும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடாத வார்த்தைகள் அவை.

அப்போது நான் ஓர் ஆய்வுத் திட்டத்தில் ரிசேர்ச் அசிஸ்டன்ட். நெதர்லாந்திலும் ஜேர்மனியிலும் இருந்த இரண்டு ஆய்வுகூடங்களும், கண்டிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சின்ன ஆய்வுகூடமும் சேர்ந்து செய்த வேலை. மாத்தளைப் பக்கம் தோட்டம் தோட்டமாக மிளகுக் கொடிகள் வாடல் நோயில் செத்துக்கொண்டிருந்தன. செத்த தோட்டங்களுக்கு நடுவே ஓரிரு கொடிகள் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றன. அவற்றின் டி.என்.ஏ. மற்றக் கொடிகளிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். கொடிகளைத் தேடி இலை பறித்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுப்பது எங்கள் பங்கு. மிச்சத்தை அங்கே பார்ப்பார்கள்.

பறித்த இலை வாடினால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். அதனால் பறித்த கையோடு அலுமினியத் தாளில் சுற்றிப் பிளாஸ்கில் இருக்கும் திரவ நைதரசனுக்குள் போடுவோம். மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர்களிடம் அதை வாங்குவது வழக்கம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். விரலை விட்டால் விரல் போய்விடும். மூடியைத் திறந்தால் புகைக்கும்.

அன்று காலையிலேயே இலை பறித்துக்கொண்டு மாத்தளையிலிருந்து திரும்பினோம். வான் ஓட்டியவர் நசீர் நானா. அக்குறணைக்காரர், எனக்கு அண்ணன் மாதிரி, மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன். திட்டத்தை நடத்திய மார்கிரெட் நெதர்லாந்திலிருந்து வந்து ஆய்வுகூடத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார். மறுநாள் அவருக்கு விமானம். டி.என்.ஏ.யைக் கையோடு கொண்டுபோவதாக ஏற்பாடு.

சிப்பாய் சத்தம் போட்டதும் ஒரு லெப்டினன்ட் ஓடி வந்தார். என் வயதுதான் இருக்கும். பாலத்தின் இரண்டு பக்கமும் வாகனங்களை மறித்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்களை இறக்கித் தூரப் போகச் சொன்னார்கள். நசீர் நானாவை வீதியோரத்தில் முழங்காலில் இருத்தினார்கள். அவர் சிங்களம் நன்றாகப் பேசுவார். "மாத்தயா, இது மாட்டு ஊசிக்குப் பாவிக்கிற சாமான்" என்று சொல்லிப் பார்த்தார். வாயை மூடச் சொன்னார்கள். பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "தங்கச்சி, பயப்பட வாணாம். அவங்க செல்றதச் செய்ங்க" என்றார். தமிழில் பேசியதற்காக அவர் முதுகில் துவக்கு முனை பட்டது.

"இது எப்படி வெடிக்கும்?" என்று லெப்டினன்ட் என்னிடம் கேட்டார்.

"வெடிக்காது, சேர். வெறும் குளிர்தான்."

"குளிருக்கு ஏன் புகை?"

அதை விளக்க என்னிடம் சிங்களம் இல்லை. அந்த நேரத்தில் தமிழ்கூட இருந்திருக்காது.

"நீயே எல்லாத்தையும் வெளியே ஊத்து. நாங்க தள்ளி நிக்கிறோம்" என்றார்.

ஊற்றினால் இலைகள் இளகிவிடும், ஒரு கிழமையாகக் கொடி தேடி அலைந்தது வீண். ஊற்றாவிட்டால் எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த நாட்களில் அப்படிப் போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. நசீர் நானாவின் முகத்தைப் பார்த்தேன். பிளாஸ்கைச் சரித்தேன்.

சிப்பாய்கள் மண்மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். வெறும் வீதியில் நான் மட்டும். மேகம் போன்ற ஒன்று என் காலடியில் விழுந்து பரவி, பாலத்தின் ஓரமாக மகாவலி ஆற்றை நோக்கி வழிந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் கலைந்தது. தார் வீதி காய்ந்தபடியே கிடந்தது.

லெப்டினன்ட் வந்து சப்பாத்தால் வீதியைத் தேய்த்துப் பார்த்தார். "தண்ணி எங்கே?"

"காற்றோடு போயிட்டுது, சேர்."

சிதறிக் கிடந்த பொட்டலங்களில் ஒன்றைப் பிரிக்கச் சொன்னார். இடுக்கியால் பிரித்தேன். உள்ளிருந்த இலை கண்ணாடி போல நொறுங்கியது. ஒரு துண்டு இளகும்வரை பொறுத்து, எடுத்துக் கசக்கி முகர்ந்தார்.

"மிளகு இலைதானே?"

"ஓம் சேர், மிளகுதான். நோய் வந்தும் சாகாத கொடி."

அவர் கையிலிருந்த இலையைத் திரும்பவும் பார்த்தார். பிறகு குரல் மாறிவிட்டது. "எங்க வீட்டுல எல்லாக் கொடியும் செத்துப்போச்சு. அம்மாவுக்கு அதுதான் வருமானம். இதுக்கு மருந்து கண்டுபிடிப்பீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். "வருஷக்கணக்காகும் சேர். சரிவருமோ தெரியாது" என்றேன்.

தலையை ஆட்டினார். நசீர் நானாவை எழும்பச் சொல்லிக் கை காட்டினார். "போங்க. இனிமேல் இந்தச் சாமானைக் கொண்டுவாறதுன்னா முன்கூட்டியே எங்களுக்குச் சொல்லுங்க."

பொட்டலங்களைப் பொறுக்கிப் பிளாஸ்கில் போட்டு மூடினேன். அதன் உட்பக்கம் இன்னும் குளிர்ந்துதான் இருந்தது. பாலத்தைத் தாண்டியதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"நானா, முழங்கால் நோகுதோ?"

"அது கெடக்கட்டும். எல சரியா ஈக்கா?" என்று கேட்டுக்கொண்டே வானை விரட்டினார்.

ஆய்வுகூட வாசலிலேயே மார்கிரெட் நின்றார். "சில மாதிரிகள் இளகிவிட்டன, என்னை மன்னிக்க வேண்டும்" என்று தொடங்கி நடந்ததைக் கொட்டினேன். அவர் பிளாஸ்கை வாங்கினார். திறந்து பார்க்கவில்லை. கீழே வைத்தார்.

"உங்களை யாராவது அடித்தார்களா?"

"இல்லை."

"நசீரை?"

"துவக்கால் இடித்தார்கள். காயமில்லை."

எங்கள் இருவருக்கும் கதிரை இழுத்துப் போட்டு, அவரே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். நான் பிளாஸ்கைப் பார்த்தபோதெல்லாம், "முதலில் குடியுங்கள்" என்றார். குடித்து முடித்த பிறகுதான் இலைகளை அரைக்கத் தொடங்கினோம்.

பொழுதுபடும் நேரம் பிரித்தெடுத்த டி.என்.ஏ.யை ஓடவிட்ட ஜெல்லைப் புறஊதா விளக்கில் வைத்துப் பார்த்தோம். சில வரிசைகள் கலைந்திருந்தன. பெரும்பாலானவற்றில் டி.என்.ஏ. பட்டை நேராக, தெளிவாக ஒளிர்ந்தது. மார்கிரெட் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்த நாளில் முதல்முறையாக எனக்குப் பசித்தது.

அதன் பிறகு நாங்கள் நைதரசனைத் தூக்கிக்கொண்டு திரியவில்லை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு இலையைப் பையில் போட்டால் காய்ந்து பத்திரமாக இருக்கும், புகையும் வராது. வேலையும் பழுதில்லாமல் நடந்தது.

நான் ஓய்வு பெறும்வரை எத்தனையோ பிள்ளைகளை இலை பறிக்க அனுப்பியிருக்கிறேன். திரும்பி வந்தவர்களிடம் மாதிரி எங்கே என்று முதலில் கேட்டதே இல்லை. கையிலிருப்பதை வாங்கிக் கீழே வைப்பேன், கதிரையை இழுத்துப் போடுவேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பேன். இலையைத் திரும்பப் போய்ப் பறிக்கலாம்.