வியப்பூட்டும் ஆங்கிலச் சொற்களும் அரக்கு முந்தானையும்

வியப்பூட்டுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு நான் தொகுத்த பொருள்விளக்கத்தை ஆரணியில் சிலர் இன்றும் படியெடுத்து வைத்திருப்பதாக அறிகிறேன். அஃது எந்தக் கடிதத்தின்பொருட்டு உருவாயிற்று என்பதை அவர்கள் அறியார். பாராட்டைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டமையால் இதனை எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் இறுதியில் நான் பள்ளியில் தமிழாசிரியன். அடுத்த வீட்டு நெசவாளர் பெங்களூர்க் கடைக்காரர் ஒருவருக்கு மட்டுமே பட்டுப்புடவை நெய்து வந்தார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ஆங்கிலக் கடிதங்களை நானே எழுதிக் கொடுப்பேன். மணப்புடவை எனில், அக்கடைக்காரர் சாயமேற்றிய இழைக்கற்றை ஒன்றை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியை நெசவாளருக்கு அனுப்புவார். மறுபாதி பெண்வீட்டாரிடம் இருக்கும். புடவை சென்றதும் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஒருமுறை வந்த இழை கிளிப்பச்சை. நெசவாளர் உடலைப் பச்சையில் நெய்து, முந்தானையை மட்டும் எவரையும் கேளாமல் அரக்கில் நெய்துவிட்டார்.

“மொதலாளி பிரிச்சிப் பாத்து அப்படியே அசந்து பூடணுங்க. அதுக்குத் தோதா இங்கிலீஷ்ல நாலு வரி எழுதுங்க, வாத்தியாரே,” என்றார்.

அவர் மனைவி இராட்டை சுற்றியபடியே சொன்னார்: “ஒரு பொண்ணக் காட்டிட்டு, மணையில வேற பொண்ணக் குந்த வெச்சாகூடத்தான் அசந்து பூடுவாங்க!”

“நீ சும்மா இரு. நல்ல காரியம் பேசிகினு இருக்கிறோம்.”

நான் சிரித்தேன். மூன்று மாலைப்பொழுதுகள் அகராதியோடு கழிந்தன. சர்ப்ரைஸ் எதிர்பாராமையை மட்டுமே சுட்டும். நன்றும் தீதும் அதில் அடங்கும். அஸ்டானிஷ், கண்டதை நம்பவியலாத பெருவியப்பு. ஸ்டார்ட்டில், தோளில் பல்லி விழுந்தாற்போல் உடல் துணுக்குறுதல். டேக்கன் அபேக் எனில், உவப்பில்லாத ஒன்றைக் கண்டு சொல்லிழந்து நிற்றல். தெளிந்த வானிலிருந்து இடி என்னும் வழக்கோ பெரும்பாலும் கேட்டிற்கே உரியது. இவ்வேறுபாடுகள் எனக்கு அளவிறந்த இன்பம் தந்தன. அஸ்டானிஷைத் தேர்ந்து கடிதத்தை முடித்தேன். பெண்வீட்டாரிடம் உள்ள பாதி இழையை நெசவாளருக்கு நினைவூட்ட எனக்குத் தோன்றவேயில்லை.

சில வாரங்களில் புடவை திரும்பி வந்தது. உடன் இரண்டே வரிகள்: பெண்வீட்டார் ஏற்கவில்லை, இனி இழை அனுப்புவதற்கில்லை.

நான் மனத்திற்குள் படித்து முடிக்கும்வரை நெசவாளர் என் முகத்தையே பார்த்திருந்தார்.

“அசந்துட்டேன்னு எழுதிகிறாரா, வாத்தியாரே?”

“இல்லை,” என்றேன். பிறகு தமிழில் சொன்னேன். இராட்டை நின்றது. அவர் மனைவி என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு கடிதங்கள் எழுதி மன்னிப்புக் கேட்டோம், மறுமொழி வரவில்லை. எண்பதுகள் பிறந்தபோது அவர் தம் தறியை மடக்கிவிட்டு, போளூர்ச் சாலையில் வேறொருவர் தறியில் கூலிக்கு நெய்துகொண்டிருந்தார். என்னை அவர் ஒருநாளும் குறைகூறியதில்லை.

மேற்கண்ட சொற்பொருள்களில் பிழையிருப்பின், ஆங்கிலம் நன்கறிந்தோர் திருத்தியருள வேண்டுகிறேன். நிகழ்ச்சியில் திருத்த ஏதுமில்லை.