அசையாத சிவப்புச் சட்டை

ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கோழி என்று பெயர். எதைப் பார்த்தாலும் கழுத்தை முன்னும் பின்னும் வெட்டி வெட்டிப் பார்ப்பாள். ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். பெயர் வைத்தவள் இஸ்திரி போடுகிற பெண். தானியம் ஏதாவது தூவட்டுமா என்று அடிக்கடி கேட்பாள். கோழியும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். நின்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அதைச் சொல்லாமலேதான் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பிறவியிலேயே இரண்டு கண்ணிலும் வெண்படலம். வெளிச்சம் உண்டு, இருட்டு உண்டு, நடுவில் ஒன்றும் கிடையாது. அப்படியே வளர்ந்தாள், அப்படியே வேலைக்கு வந்தாள். துண்டுகளைத் தடவியே பெரியது சிறியது பிரித்து மடித்தாள். லாரி ஓட்டுகிற ஒருவரைக் கட்டிக்கொண்டு ஒரு மகனையும் பெற்றாள். அவன் நடந்து ஓடிப் பேச ஆரம்பித்த பிறகுதான் ஒரு டாக்டர், எடுக்கக்கூடிய படலத்தை இத்தனை வருஷம் ஏன் விட்டீர்கள் என்று கடிந்துகொண்டு ஆபரேஷன் செய்தார்.

கண்கட்டை அவிழ்த்து என்ன தெரிகிறது என்று கேட்டபோது, "நிறைய" என்றாள். சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவள் உள்ளதைத்தான் சொன்னாள். நிறம் நிறமாகத் துண்டுகள், எங்கும் கோடுகள். எந்தத் துண்டு எதைச் சேர்ந்தது என்பது மட்டும் தெரியவில்லை. மேஜை மேல் இருந்த டம்ளர் அவளுக்கு மூன்று பொருளாக இருந்தது: தண்ணீர் உள்ள பாதி, இல்லாத பாதி, பக்கத்தில் விழுந்த நிழல். டாக்டர் பெல்ட் கட்டியிருந்ததால் இரண்டு பேராக நின்றார். பிறகு அவர் ஜன்னல் பக்கம் நடந்தார். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேர்ந்தே கிளம்பியதைப் பார்த்ததும்தான் அது ஒரே ஆள் என்று பிடிபட்டது. சேர்ந்து போவதெல்லாம் ஒன்று என்று அப்போதே மனதில் முடிந்துகொண்டாள். கண் சரியாகிவிட்டது, ஆனால் மூளை பார்க்கப் பழக நாளாகும் என்று டாக்டர் தனியாகச் சொன்னதை வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மாட்டிக்கொள்ளவும் இல்லை. பார்க்க வந்த உறவெல்லாம் சாவியையோ சீப்பையோ தூக்கிப் பிடித்து, இது என்ன சொல்லு பார்ப்போம் என்றார்கள். கேட்கிறவர் கை சும்மா இருக்காது; ஆட்டிக்கொண்டேதான் கேட்பார். ஆட்டினால் போதும், பொருள் பின்னணியிலிருந்து பிய்ந்து வந்துவிடும். ஆடாத பொருளுக்காக அவளே ஆடினாள். தலையை அசைத்தால் கிட்டே இருப்பது வேகமாக நகரும், எட்ட இருப்பது மெதுவாக நகரும், இரண்டும் பிரிந்துவிடும். நின்றாளோ, எல்லாம் மறுபடி ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துண்டுக் குவியலிடம் மட்டும் இந்த வித்தை பலிக்கவில்லை. பழையபடி கண்ணை மூடிக்கொண்டு மடித்தாள். கண் வந்ததும் தூக்கமும் வந்துவிட்டதா என்று மேற்பார்வையாளர் ஒருநாள் அதட்டிவிட்டுப் போனார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு நாத்தனார் வடிவில் தடை வந்தது. கணவரின் அக்கா அவள். மாடி வீட்டில் இருந்தாள். பிள்ளை இல்லாதவள். கோழி வேலைக்குப் போகும் நேரமெல்லாம் மகன் வாண்டு நாத்தனார் மடியில்தான் வளர்ந்தான். இப்போது அவள் வீட்டுக்காரருக்கு வெளியூர் மாற்றல். வாண்டையும் என்னோடு அனுப்பிவிடுங்கள் என்றாள். அக்கா சொல்வதுதான் சரி என்று லாரிக்காரர் போனிலேயே முடித்துக்கொண்டார். கோழி கெஞ்சிய பிறகு நாத்தனார் ஒரு வழி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போவோம், நீ ஒருத்தியாக அவனைப் பார்த்துக்கொள், நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன், பிறகு முடிவு செய்வோம். வாய் திறக்காமல் இருப்பது நாத்தனாரால் ஆகாத காரியம் என்பது வேறு விஷயம்.

இருப்பதிலேயே கண்ணைப் பறிக்கிற சிவப்புச் சட்டையாகப் பார்த்து அவனுக்குப் போட்டுக் கூட்டிப்போனாள். முதலில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பிள்ளைகள் ஓடினார்கள். சிவப்பு ஓடியது, சறுக்கில் வழுக்கியது, மணலில் உருண்டது. கோழியும் மணல்தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"ஏம்மா, உனக்குக் கால்ல சக்கரமா? மத்த அம்மாங்கல்லாம் எப்படி உக்காந்திருக்காங்க பாரு. நீ சுத்துறதுல எனக்குத் தலை சுத்துது" என்றாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாத்தனார்.

மற்ற அம்மாக்களைப் போல உட்கார்ந்தாள். கையை மடியில் வைத்துக் கழுத்தையும் விறைப்பாக்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய பையன் "சிலை!" என்று கத்தினான். கத்தியதும் எல்லோரும் இருந்தபடியே உறைந்து நிற்க வேண்டும். அசைந்தவன் ஆட்டத்தைவிட்டு வெளியே.

உலகம் ஒட்டிக்கொண்டது. ஊஞ்சல் கம்பி, மணல், நிழல், பிள்ளைகள் எல்லாம் ஒரே கந்தல். போதாக்குறைக்குப் பின்னால் நீளச் சுவர். அதில் விளையாடும் பிள்ளைகளை ஆளுயரத்துக்கு வரைந்து வைத்திருந்தார்கள். எங்கு பார்த்தாலும் சிவப்பு. தலையை ஆட்டினால் அவன் எங்கே என்று தெரிந்துவிடும், ஆனால் நாத்தனாரின் பார்வை கன்னத்தில் சுட்டது. விறைப்பாகவே எழுந்து, கிட்டே தெரிந்த சிவப்பை நோக்கி விடுவிடுவென்று போனாள். நேராகப் போகும்போது எதுவும் பக்கவாட்டில் விலகிக் காட்டாது. "போதும்டா கண்ணு, வா" என்று தோளில் கை வைத்தாள்.

சொரசொரவென்று சுவர்.

விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நினைத்து ஒரு அம்மா சிரித்தாள். நாத்தனார் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, சுவரில் இருந்த கையைப் பிடித்து இறக்கினாள். கோழி அடித்தொண்டையில் எல்லாவற்றையும் சொன்னாள்: டம்ளர், டாக்டரின் பெல்ட், சாவி ஆட்டிய உறவுக்காரர்கள்.

"இத்தனை மாசமா ஏன் சொல்லல?"

"சொன்னா அவனைக் கூட்டிட்டுப் போயிடுவீங்க."

"சொல்லாட்டியும் கூட்டிட்டுப் போறதாத்தான் இருந்தேன்" என்றாள் நாத்தனார். சொன்ன பிறகு அவளுக்கே அது சங்கடமாக இருந்திருக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரிய பையன் மறுபடி கத்தினான். இந்தத் தடவை உன் இஷ்டப்படி தேடு என்று நாத்தனார் ஒதுங்கிக்கொண்டாள். கோழி சுவரோரமாகக் குறுக்கே நடந்தாள், கழுத்தை வெட்டியபடி, வெட்கத்தை விட்டு. வரைந்த பிள்ளைகள் சுவரோடு சேர்ந்தே நகர்ந்தார்கள். ஒரு சிவப்பு மட்டும் சுவர்மேல் வழுக்கிக்கொண்டு தனியாக வந்தது. பாதி தூரத்தில் அதையும் ஒரு குப்பைத்தொட்டியோடு சேர்த்துப் பார்த்துவிட்டாள். திரும்பி நடந்து பிரித்தெடுக்க நேரம் பிடித்தது. வாண்டு ஒற்றைக் காலில் நின்றான். அம்மா கூப்பிட்டால் கையாவது தூக்கேன்டா என்றாள். உதட்டை அசைக்காமல், "சிலை கை தூக்காது" என்றான்.

நாத்தனார் விடவில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டாள். ரோட்டில்? கையை விட மாட்டேன். பஸ்ஸில்? அங்கே எல்லாம் ஓடுகிறது, எனக்குச் சுலபம். தூங்கும்போது?

"தூங்குற பிள்ளையக் கண்ணாலயா பாக்கணும்? பொறந்ததுலருந்து கையாலதானே பாத்தேன்."

நாத்தனார் வெகுநேரம் பேசவில்லை. அவளுக்கு அது பெரிய சாதனை.

"தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன். உன்கிட்டயே இருக்கட்டும். ஆனா ஒண்ணு, நீ பார்க்குல உக்காந்தேன்னு என் காதுல விழுந்துச்சு, அன்னைக்கே வந்து தூக்கிட்டுப் போயிடுவேன்."

பூங்காவை விட்டுக் கிளம்பினார்கள். வாண்டின் கையை இறுக்கிப் பிடித்தபடி கோழி தெருமுனை வரை வந்துவிட்டாள். பக்கத்தில் பேச்சுச் சத்தம் இல்லை. திரும்பினாள். வாசல் கம்பிகளும் கிளைகளும் நிழலும் நடுவில் எங்கோ நாத்தனாரும். தலையை ஆட்டினாள், இரண்டடி இந்தப் பக்கம், இரண்டடி அந்தப் பக்கம். பிரியவில்லை. அவள் ஏன் வாசலிலேயே நின்றுவிட்டாள் என்று தெரியவில்லை, முகமும் தெரியவில்லை.

இதுவரை யாரிடமும் கேட்காததை நடுத்தெருவில் நின்று கேட்டாள்.

"அக்கா, எங்க இருக்கீங்க? கையை ஆட்டுங்க."

சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கம்பிகளுக்கு நடுவே ஒரு கை மெல்ல அசைந்தது.