பெரிய அன்பு வேண்டாம் என்ற நாள்

கிரேக்க பாஷையில் எனக்கு நாலு வார்த்தை தெரியும். தமிழில் என் பெயரை எழுதத் தெரியாது, கைநாட்டுதான். இதைக்கூட நான் பேசப் பேச என் பேத்தி புத்தகத் தமிழாக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த நாலும் எனக்கு எப்படி வந்தன என்று கேளுங்கள்.

அப்போது எனக்கு ஏழு வயது இருக்கும். எங்களுக்குக் கம்மாபுரம் பக்கம், அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, வேதக்காரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தாள். பெரியப்பாவுக்கு மைன்ஸில் பர்மனென்ட் வேலை. பிள்ளை மட்டும் இல்லை. ஒரு சனிக்கிழமை அம்மா என் துணியையெல்லாம் கூடையில் வைத்து என்னை அங்கே கூட்டிப்போனாள். ரெண்டு நாளுக்கு எதற்கு எல்லாத் துணியும் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாமும் சேர்த்தே கூடையில் பாதிதான் வந்தது.

அந்த வீட்டில் மின்விசிறி இருந்தது. அதன் கீழே மல்லாந்து படுத்து, எப்போது நிற்கும், எத்தனை இறக்கை என்று பார்ப்பதே எனக்கு வேலை. பெரியம்மா வறுக்கியை டீயில் தொட்டு ஊட்டுவாள். வறுக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கதை நின்றுவிடும், விடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சர்ச்சுக்குப் போனோம். அம்மா உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிட்டாள். நடவு முடிந்த உடம்பு. வெளியூரிலிருந்து வந்திருந்த போதகர், நாம் எல்லாவற்றுக்கும் அன்பு என்று ஒரே பேரை வைத்திருக்கிறோம், கிரேக்கர்கள் நாலாகப் பிரித்திருக்கிறார்கள் என்றார். பெற்றவர்கள் பிள்ளைமேல் வைப்பது ஸ்டோர்கே. சிநேகிதர்களுக்குள் இருப்பது பிலியா. ஈரோஸ் என்று ஒன்றைச் சொல்லி, புருஷன் பெண்சாதி சமாசாரம் என்று தொண்டையைச் செருமிக்கொண்டு அவசரமாகத் தாண்டினார். எல்லாவற்றிலும் பெரியது அகாபே. பதிலுக்கு ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிடுவது. தேவன் தன் ஒரே பிள்ளையையே கொடுத்தாரே, அதுதான் என்றார்.

வார்த்தைகள் சட்டென்று ஒட்டிக்கொண்டன. எதை எங்கே வைப்பது என்பதில்தான் குழப்பம். திரும்பும் வழியில் பெரியப்பாவிடம் கேட்டேன்.

“பெரிப்பா, எனக்கு அந்த ஃபேன் மேல இருக்கறது எது?”

“அது கரண்ட் போனா தெரியும்” என்றார்.

மத்தியானம் கதவோரம் நின்றிருந்தேன். சமையலறையில் பெரியம்மாவின் குரல் கேட்டது. “நாளைக்கே பள்ளிக்கூடத்துல சேத்துடறேன்றாரு. அப்பறம் வந்து திருப்பிக் கேக்க மாட்டியே?”

“குடுத்துட்டுக் கேப்பனா, யக்கா? அங்க இருந்தா எங்கூட களதான் புடுங்கிக்கினு கெடக்கும். இங்கனா நல்லா இருக்கட்டும்.”

எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அம்மா என்மேல் வைத்திருப்பது இருப்பதிலேயே பெரியது. அப்புறம் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். கொடுக்கப்பட்ட பிள்ளை, கையிலும் காலிலும் ஆணி, தலையில் முள். மூன்றாம் நாள் எழுந்த கதையை அதுவரை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

சாயங்காலம் அம்மா கிளம்பினாள். வாசலில் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

“யம்மா, எனக்கு அந்தப் பெரிசு வேணாம். எம்மேல சின்னதே வச்சிக்க. ஸ்டோர்கே போதும்.”

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இன்னா யக்கா சொல்லுது இது? எதுனா திங்கக் கேக்குதா?”

பெரியப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். சர்ச்சில் தூங்காமல் போதகர் பேச்சைக் கேட்ட பெரியவர் என்று அங்கே இருந்தது பெரியம்மா ஒருத்திதான். அவள் என்னைப் பார்த்தாள். சுவர்ப் படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒங்கூடவே வந்துடறேன்னுதுடி. இட்டுக்கினு போ.”

“சின்னப் புள்ள என்னமோ ஒளறுதுன்னு நீயும்...”

“ஒளறல. இட்டுக்கினு போ.”

என் துணியை எடுத்து வைக்க உள்ளே போனவள் வரவே இல்லை. அம்மா ரெண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் கூடையோடு வந்தாள். பஸ் ஏறினதும் நான் ஜன்னல் வழியே அவளுக்கு டாட்டா காட்டினேன். ஆணிக்குத் தப்பித்த சந்தோஷத்தில் ஒரு கையல்ல, ரெண்டு கையாலும்.

வீட்டுக்கு வந்து அம்மா கூடையைக் கவிழ்த்தாள். துணிக்கு அடியில் மரச்சட்டம் போட்ட புதுப் பலகை ஒன்று கறுப்பாக, வழவழவென்று இருந்தது. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சிலேட்டைத் தொட்டதில்லை. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தண்ணீர்ப் பானையின்மேல் வைத்தாள்.

பெரியம்மா எங்களுக்குப் பானை மூடி கொடுத்தனுப்பியிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அளவும் சரியாகவே இருந்தது.