ஆஸ்பெஸ்டாஸ் இறக்குகிறவன் கவலைகள்

ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிரித்து இறக்கும் தொழிலில் பெரிய சங்கடம், மூச்சோடு உள்ளே போகும் அதன் நார் கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஆபத்து இருக்கிறது என்றே யாரும் நம்பமாட்டார்கள் என்பதுதான். நம்பிவிட்டவர்களுக்குத் தூக்கம் வராது. நான் இரண்டாவது ரகம். நீங்களும் உங்கள் மொட்டை மாடியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள், சேர்ந்தே கவலைப்படலாம்.

என்னோடு வேலை செய்பவர் தாஸ். இதற்கு முன் பல வருஷம் இதே ஷீட்டை ரம்பத்தால் அறுத்துக் கூரை போட்டவர். அப்போது முகமூடியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. போன கோடையிலிருந்து அவருக்கு வறட்டு இருமல். அவர் இருமும்போதெல்லாம் நான் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

லாரித் தண்ணீர்

மந்தைவெளியில் ஒரு மொட்டை மாடி. ஷீட்டை உடைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது. நன்றாக நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். நனைந்திருந்தால்தான் நார் பறக்காது. நான் குழாயைத் திறந்த சத்தம் கேட்டு வீட்டுக்கார மாமி மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டார்.

நுரையீரலைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பக்கத்தில் தாஸ் வேறு இருமிக் காட்டினார். மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க சொல்றதெல்லாம் வாஸ்தவம்தான். ஆனா லாரி நாளன்னிக்குத்தான் வரும். அதுவரைக்கும் ஆத்துல எல்லாரும் மூச்சு விட்டுண்டு மட்டும் இருந்தா போறுமா, குளிக்க வேண்டாமா?"

அண்ணாச்சியின் உதவி

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி. கடைக்கு மேலே இருந்த கிடங்கின் கூரையை இறக்கி, தடித்த பாலிதீனில் சுற்றி, ஒட்டி, வண்டியில் ஏற்றப் போனோம். "தரையை நாங்களே ஈரத்துணியால் துடைக்கிறோம், தயவுசெய்து பெருக்காதீர்கள்" என்று போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனேன்.

திரும்பி மாடிக்கு வந்தால் விளக்குமாற்றின் சத்தம். வேலை முடிந்ததே என்று முகமூடியைக் கழற்றியிருந்த தாஸ் எனக்கு முன்னால் கிடங்கு வாசலில் நின்றிருந்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே ஓடினேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அண்ணாச்சி தலையில் படிந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டே சிரித்த முகமாக இறங்கி வந்தார். "நீங்க எதுக்குத் தம்பி சிரமப்படணும்னு நானே ஒரு பெருக்கு பெருக்கிட்டேன். பாருங்க, தூசின்னு ஒண்ணு கண்ணுலயே தெரியலல்லா!"

வாட்ச்மேன் கேட்டது

அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. சுற்றிவைத்த கட்டு ஒன்றை அங்கிருந்த வாட்ச்மேன் அவிழ்த்துக்கொண்டிருந்தார். தன் வீடு ஒழுகுகிறது, இரண்டு ஷீட் போதும் என்றார். விஷம், தனியாகப் புதைக்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று தடுத்தேன். அவர் குரலை உயர்த்தக்கூட இல்லை. "இத்தினி வருஷம் அவுங்க தலைக்கு மேல இருந்துச்சி, யாரும் விஷம்னு சொல்லல. என் தலைக்கு மேல போடக் கேட்டா மட்டும் விஷமா சார்?"

ஸ்கேன்

கடைசியில் தாஸைக் கெஞ்சி, மிரட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை, இருமலுக்குக் காரணம் பீடியாக இருக்கலாம், ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் நாரால் வரும் வியாதி பல வருஷம் கழித்தும் தலைகாட்டும், வருஷா வருஷம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

எனக்கு உயிர் வந்தது. வெளியே வந்து டீ வாங்கிக் கொடுத்தேன். தாஸ் குடிக்காமல் கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தார். "இப்போதைக்கு ஒண்ணும் இல்லன்றாரு. அப்போ நான் இன்னிக்கி சந்தோஷப்படறதா, இல்ல அது வர்ற வரைக்கும் காத்துக்கினு கீறதா? இன்னா சார், நீயே சொல்லு."

மற்ற தொழில்களில் வேலை ஒழுங்காக நடந்ததா என்று மறுநாளே தெரிந்துவிடும், எங்கள் தொழிலில் அதைத் தெரிந்துகொள்ள இருபது முப்பது வருஷம் உயிரோடு இருந்தாக வேண்டும்.